தண்ணீர் மேல் வில்லா எடுக்கலாமா? முதலில் விமான நேரத்தைப் பாருங்கள்

வாசகி கேட்டது: "வருகிற ஜூலை முதல் வாரம் எங்களுக்கு இருபத்தைந்தாவது திருமண நாள். இதுவரை நாங்கள் இரண்டு பேர் மட்டுமாக எங்கேயும் போனதில்லை. பிள்ளைகள் மாலத்தீவு போகச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். தண்ணீர் மேல் கட்டிய வில்லாவில் ஐந்து இரவு தங்க ஒரு ஏஜென்ட் விலை கொடுத்திருக்கிறார். ஒரு இரவுக்கு 420 டாலர், காலை உணவு சேர்த்து. கடல் விமானத்துக்குப் போக வர ஆளுக்கு 550 டாலர் தனி. மாலை 4.40-க்கு மாலே விமான நிலையத்தில் இறங்குகிறோம். எனக்கு நீச்சல் தெரியாது, கணவர் ஓரளவு நீந்துவார். நான் சுத்த சைவம். இந்த விலை சரியா? ஐந்து நாள் போரடிக்குமா? தினமும் கும்பிடும் சின்ன முருகன் விக்கிரகத்தை எடுத்துப் போகலாமா?"

முதலில் வாழ்த்துகள். பிள்ளைகளே அனுப்பி வைக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் கிளம்புங்கள். ஆனால் அந்த ஏஜென்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் இரண்டு நாள் பொறுங்கள். விலை சரியா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள், விமான நேரத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பதினெட்டு வருடமாக ஆட்களைத் தீவுகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 4.40 தான்.

கடல் விமானம் இருட்டில் பறக்காது. விமானி கண்ணால் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்குகிறார், அங்கே ஓடுபாதையும் இல்லை, விளக்கும் இல்லை. அதனால் பிற்பகல் சுமார் மூன்றரைக்குள் மாலேயில் தரையிறங்குகிறவர்களுக்குத்தான் அன்றே கடல் விமானம் கிடைக்கும். நீங்கள் 4.40-க்கு இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது கடைசி விமானம் போயிருக்கும். அப்புறம் என்ன? பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் ஒரு ஓட்டல் அறை எடுத்துத் தூங்கிவிட்டு மறுநாள் காலையில் போக வேண்டும். நீங்கள் ரிசார்ட்டுக்குக் கட்டிய ஐந்து இரவில் முதல் இரவு உங்கள் வில்லா பூட்டிக் கிடக்கும், அதற்கும் 420 டாலர். ஏஜென்ட் இதை மறைத்தார் என்று நான் சொல்லவில்லை, ரிசார்ட் விலையையும் விமான டிக்கெட்டையும் இரண்டு வேறு ஆட்கள் பார்த்திருப்பார்கள், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. திரும்பும் நாளிலும் இதே கதை உண்டு: அதிகாலையில் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் இருந்தால் முந்தின நாளே தீவைக் காலி செய்ய வேண்டி வரும்.

கடல் விமானம் வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து பேர் உட்காரும் சின்ன ட்வின் ஆட்டர், செருப்புக்கூடப் போடாமல் வெறுங்காலோடு ஓட்டும் விமானிகள், கீழே நீல மை சிந்தினது போல் வட்டம் வட்டமாகப் பவளத் திட்டுகள். பகலில் இறங்குகிற மாதிரி டிக்கெட்டை மாற்ற முடிந்தால் தாராளமாகப் போங்கள். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோதான் பொதுவான அளவு, மிஞ்சினால் கிலோவுக்குக் காசு. கிளம்பும் நேரம் முந்தின நாள் சாயங்காலம்தான் உறுதியாகும், நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தவர்களும் உண்டு.

டிக்கெட்டை மாற்ற முடியாது என்றால் தீவை மாற்றுங்கள். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. மாலத்தீவு என்பது ஏறக்குறைய 1,190 குட்டித் தீவுகள், 26 பவளத் தீவு வளையங்களாகச் சிதறிக் கிடக்கின்றன, ரிசார்ட் இருக்கிற தீவுகளில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். எந்த அறை என்பதற்கு முன்னால் எந்தத் தீவு, அதற்கு எப்படிப் போவது என்றுதான் முடிவு செய்ய வேண்டும். வடக்கு மாலே, தெற்கு மாலே வளையங்களில் இருக்கிற ரிசார்ட்டுகளுக்கு விமான நிலையப் படகுத்துறையிலிருந்தே ஸ்பீட் போட், பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ராத்திரியிலும் ஓடும், கட்டணமும் கடல் விமானத்தைவிடப் பெரும்பாலும் நன்றாகவே குறைவு. 1972-ல் இந்த நாட்டில் திறந்த முதல் ரிசார்ட்டே விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பெயர் குரும்பா. அவர்கள் மொழியான திவேஹியில் இளந்தேங்காய்க்குக் குரும்பா, நம் குரும்பைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். பக்கத்துத் தீவுகள் மட்டம், தூரத்துத் தீவுகள்தான் சொர்க்கம் என்று யாராவது சொன்னால் முழுக்க நம்ப வேண்டாம். பக்கத்தில் இருந்தால் கடலில் போக்குவரத்து கொஞ்சம் அதிகம், தலைக்கு மேல் விமானம் போகும், அவ்வளவுதான். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: உள்நாட்டு விமானத்தில் ஒரு சின்ன விமான நிலையம் வரை போய் அங்கிருந்து படகு. அது இருட்டின பிறகும் பறக்கும்.

சரி, விலைக்கு வருகிறேன். 420 டாலர் என்பது எல்லாம் சேர்த்தா, "பிளஸ் பிளஸ்" விலையா என்று கேளுங்கள், அதே வார்த்தையில் கேளுங்கள், அவருக்குப் புரியும். பிளஸ் பிளஸ் என்றால் 10 சதவீத சேவைக் கட்டணமும் அதற்கு மேல் சுற்றுலா ஜிஎஸ்டியும் தனி, அந்த ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். ஐந்து இரவுக்கு 2,100 டாலர் என்று நீங்கள் மனதில் போட்டிருப்பீர்கள். சேவைக் கட்டணம் சேர்த்தால் 2,310, வரியும் சேர்ந்தால் சுமார் 2,703. பசுமை வரி என்று ஒன்று உண்டு, ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர், இரண்டு பேருக்கு ஐந்து இரவு 120. கடல் விமானம் இரண்டு பேருக்கு 1,100. ஆக சுமார் 3,923 டாலர், இன்னும் மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு எதுவும் இதில் இல்லை. நாட்டை விட்டுக் கிளம்பும்போது கட்டும் வரி சாதாரண வகுப்புக்கு 50 டாலர், அது பெரும்பாலும் விமான டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சாப்பாட்டை அலட்சியமாக விடாதீர்கள். தீவில் ரிசார்ட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது, பக்கத்துத் தெருவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்கிற பேச்சே இல்லை, குடிக்கிற தண்ணீரே கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் எடுக்கிறார்கள். காலை உணவு மட்டும் சேர்ந்த விலை பார்க்க மலிவாக இருக்கும், முதல் நாள் ராத்திரி பில்லைப் பார்த்ததும் சாப்பிட்டது இறங்காது. மூன்று வேளையும் சேர்ந்த திட்டத்துக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். மது, பானங்கள் எல்லாம் அடங்கிய ஆல் இன்க்ளூசிவ் எடுப்பதா என்பது உங்கள் கணவர் எவ்வளவு குடிப்பார் என்பதைப் பொறுத்தது, குடிக்காதவர் என்றால் அது வீண் செலவு.

நீங்கள் சைவம் என்பதால் ஒரு தனி எச்சரிக்கை. அந்த ஊர்ச் சமையலே சூரை மீனில்தான் நிற்கிறது. காலையில் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து ரொட்டியோடு வைப்பார்கள், பார்த்தால் தேங்காய்ச் சம்பல் மாதிரி இருக்கும், அது மஸ் ஹுனி, உள்ளே மீன். தமிழில் மாசிக் கருவாடு என்கிறோமே அது இந்தத் தீவுகளின் சரக்குதான், மஸ் என்றால் அவர்கள் மொழியில் மீன், அதைப் பொடித்துக் காய்கறியிலும் போடுவது உண்டு. அதனால் வெறுமனே வெஜிடேரியன் என்று எழுதாமல், மீன் வேண்டாம், உலர்ந்த மீனும் வேண்டாம், முட்டை வேண்டுமா வேண்டாமா என்பது வரை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ரிசார்ட் சமையலறைகளில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பது சகஜம், போன அன்றே அவர் யார் என்று விசாரித்துப் பேசிவிட்டால் ஐந்து நாளும் கவலை இல்லை.

இப்போது அந்தத் தண்ணீர் வில்லா. இந்த மாதிரி வீடு சுற்றுலாவுக்காக முதலில் கட்டப்பட்டது மாலத்தீவில் இல்லை, 1967-ல், பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவின் ராயாட்டியா தீவில். ஏன் தெரியுமா? அந்தத் தீவில் நல்ல மணல் கடற்கரை இல்லை. கடற்கரை இல்லாத குறையை மறைக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு அது. மாலத்தீவில் நடந்தது தலைகீழ்: மாவு மாதிரி வெள்ளை மணல் காலடியில் கிடக்க, நாம் கரையில் தங்குவதைவிடக் கூடுதலாகக் காசு கொடுத்து மணலை விட்டுத் தள்ளிப் போய்த் தங்குகிறோம். ஆசையைக் குறை சொல்லவில்லை, காலையில் கண் விழித்ததும் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்பது ஒரு சுகம்தான். ஆனால் வில்லா வாசலில் இருக்கிற ஏணி நேராகக் கடலுக்குள் இறங்குகிறது, நீச்சல் தெரியாத உங்களுக்கு அந்த ஏணியால் ஒரு பயனும் இல்லை. சாப்பிடப் போக வர மரப்பாலத்தில் நீள நடக்க வேண்டும், மதிய வெயிலில் அது சுடும். கடற்கரை வில்லா என்றால் கதவைத் திறந்தால் மணல், நாலு எட்டு வைத்தால் முழங்கால் அளவு தண்ணீர், அதில் நீங்கள் பாட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

அதனால் நான் சொல்வது இரண்டும் கலந்து. முதல் மூன்று இரவு கடற்கரை வில்லா, கடைசி இரண்டு இரவு தண்ணீர் மேல். பல ரிசார்ட்டுகள் இப்படிப் பிரித்துத் தருகின்றன, பெட்டிகளை அவர்களே வண்டியில் மாற்றிவிடுவார்கள். ஒரே ஒரு இரவு போதாதா என்று கேட்பீர்கள், போதாது. பழைய அறையைப் பன்னிரண்டுக்குக் காலி செய்தால் புதியது இரண்டு மூன்று மணிக்குத்தான் கையில் கிடைக்கும், மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்பும் அவசரம், காசு கொடுத்ததற்கு நிம்மதியாக அந்தத் தண்ணீரைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

ஜூலை என்பதால் எந்தப் பக்கத்து வில்லா என்பதும் முக்கியம். மே நடுவிலிருந்து நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அவர்கள் ஹுல்ஹங்கு என்கிறார்கள். நாள் முழுக்கக் கொட்டும் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் வந்து அடித்துவிட்டுப் போகும், இடையில் நல்ல வெயிலும் இருக்கும், தண்ணீர் எந்த மாதமும் கதகதப்புதான். இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பிடித்துக்கொள்கிற வாரமும் உண்டு, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், ஜனவரியிலிருந்து மார்ச் வரையான விலையைவிட உங்களுக்குக் குறைவாகக் கிடைப்பது அதனால்தான். ஆனால் காற்று மேற்கிலிருந்து வருகிறது. சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று கூடுதல் விலைக்கு விற்கிற வில்லாக்கள் எல்லாம் மேற்குப் பக்கம், ஜூலையில் காற்றும் அலையும் நேராக மோதுவதும் அங்கேதான். விலை குறைந்த, சூரியோதயப் பக்கத்து வில்லா இந்த மாதத்தில் அமைதியாக இருக்கும். கடற்கரை மணலும் பருவத்துக்குத் தகுந்தபடி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகரும், பிப்ரவரியில் எடுத்த படத்தில் அகலமாக இருக்கிற கரை ஜூலையில் அரை அளவாக இருக்கலாம். ஜூலையில் எடுத்த படம் கேளுங்கள். திணறுவார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

கணவர் ஓரளவு நீந்துவார் என்று சொன்னீர்களே, அவருக்காக ஒரு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும்: ஹவுஸ் ரீஃப் இருக்கிறதா, கரையிலிருந்து எத்தனை மீட்டர்? ஹவுஸ் ரீஃப் என்றால் அந்தத் தீவைச் சுற்றி இருக்கிற பவளப் பாறை விளிம்பு, மீன் கூட்டம் எல்லாம் அங்கேதான். இதைக் கேட்காமல் நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். தொழிலில் இருக்கிறவனுக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்கிற திமிரில் படத்தை மட்டும் பார்த்துப் பதிவு செய்தேன், போனால் மணலைத் தோண்டிப் போட்டு உருவாக்கிய தீவு, சுற்றிலும் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், நான்கு நாளும் முகமூடியைப் போட்டுக்கொண்டு வெறும் வெள்ளை மணலையே பார்த்துவிட்டு வந்தேன். அதே சமயம் விளம்பரப் படத்தில் இருக்கிற சிவப்பு, ஊதாப் பவளங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1998-லும் 2016-லும் கடல் சூடேறியதில் அங்கே பவளங்கள் பெருமளவு வெளுத்துச் செத்தன, பல இடங்களில் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும். மீன்களுக்குக் குறைவில்லை, ஆமையும் குட்டிச் சுறாவும் கரையோரமே வரும், அந்தக் குட்டிச் சுறாக்களைப் பார்த்துக் கத்த வேண்டாம், உங்களைவிட அவற்றுக்குத்தான் பயம்.

நீச்சல் தெரியாவிட்டாலும் நீங்களும் ஸ்நோர்கெல் செய்யலாம், அதாவது முகமூடியும் மூச்சுக் குழாயும் போட்டுக்கொண்டு மேலே மிதந்தபடி தண்ணீருக்குள் பார்ப்பது. லைஃப் ஜாக்கெட் போட்டு, கூடவே ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு, பவளப் பாறைக்கு உள்ளே இருக்கிற அமைதியான கடல்நீரில் (லகூன்), ஆழம் குறைந்த பகுதியில். கணவரை மட்டும் நம்பி இறங்காதீர்கள், ஓரளவு நீந்துகிறவர் இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு நீந்த முடியாது, அவரும் லைஃப் ஜாக்கெட் போடட்டும், கௌரவம் பார்க்க வேண்டாம். தீவு வளையத்தில் கடல்நீர் உள்ளே வெளியே போகிற வாய்க்கால்களில் இழுப்பு பலமாக இருக்கும், அந்தப் பக்கம் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. உடை விஷயம், கேட்கத் தயங்கியிருப்பீர்கள், நானே சொல்கிறேன்: முழுக்கை லைக்ரா சட்டையும் லெக்கிங்ஸும் போதும், வெயிலுக்கும் நல்லது, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நைட்டியோ துப்பட்டாவோ வேண்டாம், நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும்.

போரடிக்குமா என்றால், தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர பதினைந்து நிமிடம் ஆகும், ஆகவே ஊர் சுற்றிப் பார்க்கிற ஆட்களுக்கு மூன்றாவது நாள் அடிக்கும். நீங்கள் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். என்னிடம் வந்த ஜோடிகளில் முதல் நாள் அரை மணிக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தவர்கள் நாலாவது நாள் போனை எங்கே வைத்தோம் என்று தேடியிருக்கிறார்கள். எதற்கும் ஒரு அரை நாள், மக்கள் வாழ்கிற உள்ளூர்த் தீவு ஒன்றுக்கு ரிசார்ட் படகிலேயே போய் வாருங்கள், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், கயிற்றில் பின்னின நாற்காலியில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறவர்கள் என்று நிஜமான நாடு அங்கேதான் இருக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள். கடல் உயிர்கள் மேல் ஆசை என்றால் ஜூலைக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு: பா வளையத்தில் ஹனிஃபாரு என்கிற சின்ன விரிகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மாண்டா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வரும். பாதுகாக்கப்பட்ட இடம், காற்றுச் சிலிண்டரோடு மூழ்கிப் பார்க்கிற ஸ்கூபா கிடையாது, மேலே மிதந்து பார்க்க மட்டும் அனுமதி. அந்த வளையத்துக்கு தரவந்தூ வரை உள்நாட்டு விமானமும் இருக்கிறது, உங்கள் 4.40-க்கு ஒத்துவரலாம், கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் கரை நீலமாக ஒளிர்கிற படத்தைக் காட்டி யாராவது தீவு விற்றால் மட்டும் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள், அது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் செய்கிற வேலை, எந்தத் தீவில் எந்த ராத்திரி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முருகன் விக்கிரகம், மன்னியுங்கள், வீட்டிலேயே இருக்கட்டும். வழிபாட்டுக்கான சிலைகளைக் கொண்டுவருவது அந்த நாட்டுச் சுங்கத் தடைப் பட்டியலில் இருக்கிறது. திருமண நாள் அன்று கும்பிட முடியாதே என்று வருத்தமாக இருக்கும், கிளம்பும் அன்று காலையில் பூஜையை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். விமான நிலையத்தில் உங்கள் கணவர் டியூட்டி ஃப்ரீ மது பாட்டில் எதுவும் வாங்க வேண்டாம், மதுவை உள்ளே விடமாட்டார்கள், சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் தருவார்கள். மின்சிகரெட்டும் தடை. வரும்போது சிப்பி, பவளம், மணல் என்று பேரப்பிள்ளைகளுக்கு எதையும் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள், அதுவும் குற்றம். விசா முன்கூட்டி எடுக்க வேண்டியதில்லை, பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் இமுகா என்கிற அரசுத் தளத்தில் விவரம் நிரப்பினால் போதும், அது இலவசம், பணம் கேட்டால் நீங்கள் வேறு ஏதோ தளத்தில் இருக்கிறீர்கள்.

இனி செய்ய வேண்டியது, இன்றைக்கே ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல். 4.40-க்கு இறங்கும் எங்களை அதே ராத்திரி தீவில் சேர்க்க முடியுமா, எந்த வாகனத்தில்? வரி, சேவைக் கட்டணம், மூன்று வேளைச் சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் மொத்தம் எத்தனை டாலர்? மூன்று இரவு கரையில், இரண்டு இரவு தண்ணீர் மேல், இரண்டும் கிழக்குப் பக்கம் கிடைக்குமா? ரத்து செய்தால் எந்தத் தேதி வரை பணம் திரும்பும்? இருபத்தைந்தாவது திருமண நாள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், கேக்கோ பூவோ ஏதாவது செய்வார்கள், போய் இறங்கின பிறகு சொன்னால் அது நடக்காது. ஏஜென்ட் போனைப் போட்டு "எல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்று பதில் சொன்னால், சரி, அதையே எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.